சாலொமோன் ஆலயம்: 7 ஆண்டா, 20 ஆண்டா?

ஞாயிறு பள்ளிப் பாடத்தில் இஸ்ரவேலின் ராஜா சாலொமோனின் ஆண்டுக் கணக்கு இடிக்கிறது, ஆலயம் கட்ட ஓரிடத்தில் 7 ஆண்டு, இன்னோரிடத்தில் 20 ஆண்டு என்று வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள், சகோதரி. இடிக்கவில்லை. ஆட்சியின் 4ஆம் ஆண்டில் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்; 11ஆம் ஆண்டில் முடித்தார். அது 7. அரண்மனைக்கு 13. இரண்டும் சேர்ந்ததுதான் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 9:10 சொல்லும் 20.

ஆலயத்தின் நீளம் 60 முழம். அரண்மனையில் லீபனோன் வனம் என்ற மாளிகை மட்டுமே 100 முழம். ஆலயத்தைவிட ராஜாவின் மாளிகை நீளம்; எனக்கு உறுத்தும் இடம் இது, பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

பாடத்தை ஓசையிலிருந்து தொடங்குங்கள். கற்களை முன்னதாகவே செதுக்கிக் கொண்டுவந்ததால், ஆலயம் எழும்பிய இடத்தில் சுத்தியல் சத்தமோ, செதுக்கும் கருவியான வாச்சியின் சத்தமோ கேட்கவில்லை என்கிறது 6:7. வகுப்பில் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சட்டென்று நிறுத்திப் பாருங்கள். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும்.