டீஸ்பூனுக்குப் பதில் டேபிள்ஸ்பூன்

கேள்வி: 12 கிலோ எடையுள்ள பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது, பாரசிட்டமால் சிரப்பை டேபிள்ஸ்பூனில் இரண்டு வேளை கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாகிறது, பையன் ஓடியாடுகிறான். ஆனால் ஈரல் போய்விடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒரு டீஸ்பூன் 4.93 மில்லியாமே? மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய சிரப்பில் அவுன்ஸ் என்று போட்டிருக்கிறது. அதை எப்படி மாற்றுவது?
ஒரு பாட்டி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா, நிம்மதியாகத் தூங்குங்கள். நம் ஊர் கெமிஸ்டில் கிடைக்கும் சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து. டேபிள்ஸ்பூன் 15 மில்லி, அதாவது 360 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு 720. 12 கிலோ பிள்ளைக்கு வேளைக்கு 180 வீதம் நாளுக்கு நான்கு வேளை நானே எழுதிக் கொடுத்திருந்தாலும் அதே 720தான். இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் ஊட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

4.93 என்பது அமெரிக்க அளவு. மருந்துக்கு 5 என்றே வையுங்கள். அவுன்ஸுக்கு 30. இதற்கெல்லாம் கைபேசியைத் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

எனக்கு உறுத்துவது அந்த அமெரிக்க பாட்டில்தான். அங்கே குழந்தைகள் சிரப்பில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான பழைய சொட்டு மருந்தில், 2011 வாக்கில் மாற்றும்வரை, ஒரே மில்லியில் 100 இருந்தது. அவுன்ஸைச் சரியாக மில்லியாக்கினாலும் உள்ளே இருக்கும் மருந்து மாறிப்போகும். முதலில் லேபிளில் மில்லிகிராமைத் தேடுங்கள், அப்புறம் மில்லி.

நிஜமாகவே அளவு மீறிப் போனால், 'பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது' என்று காத்திருக்கவே கூடாது. பாரசிட்டமால் அதிகமானால் முதல் நாள் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள் எல்லாம் தலைகாட்ட ஒன்றிலிருந்து நான்கு நாள்வரை ஆகலாம். முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் தரும். ஆகவே கணக்கில் சந்தேகம் வந்த அந்த நிமிடமே பாட்டிலையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கொத்தமல்லிக் கஷாயம் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒரு மணி நேரத்தைக்கூடப் போக்க வேண்டாம்.

வீட்டுக் கரண்டி ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். கெமிஸ்டில் ஊசியில்லாத சிரிஞ்ச் கேளுங்கள். பேரனுக்கு நம் ஊர் சிரப் வேளைக்கு 7.5 மில்லி, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சிரிஞ்சில் அந்த 7.5 கோட்டில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடி போடாமலே தெரியும்.