அறிவியல் வினா விடை: நிக்கலின் மேற்பரப்பில் நடப்பது என்ன?

வினா: எதீனும் ஐதரசனும் நிக்கல் முன்னிலையில் எதேனாக மாறுகின்றன என்றும், ஊக்கியாகிய நிக்கல் இறுதியில் மாறாமல் எஞ்சுகிறது என்றும் படிக்கிறோம். மாறாத ஒன்று தாக்கத்தை எவ்வாறு விரைவுபடுத்துகிறது?
– உயர்தர மாணவி, சீனன்குடா, திருகோணமலை

விடை: இறுதியில் மாறாமல் எஞ்சுவது வேறு, இடையில் பங்கெடுக்காமல் இருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே குழப்பம் வருகிறது.

எதீனுடன் ஐதரசன் சேரும்போது மூலுக்கு ஏறத்தாழ 137 கிலோயூல் வெப்பம் வெளிவருகிறது. அப்படியிருந்தும், அறை வெப்பநிலையில் இரு வாயுக்களையும் வெறுமனே கலந்து வைத்தால் ஒன்றும் நிகழாது. ஐதரசன் மூலக்கூறின் பிணைப்பு அவ்வளவு வலியது, அதை முறிக்க மூலுக்கு 436 கிலோயூல் வேண்டும். நிக்கல் மேற்பரப்பை அடையும் ஐதரசன் மூலக்கூறோ இரு அணுக்களாகப் பிரிந்து உலோகத்துடன் பிணைந்துகொள்கிறது. அப்புதிய பிணைப்புகள் உருவாகும்போது கிடைக்கும் சக்தி, பழைய பிணைப்பை முறிப்பதற்கான செலவை ஈடுசெய்துவிடுகிறது. எதீனும் தன் இரட்டைப் பிணைப்பின் இலத்திரன்களால் உலோகத்தைப் பற்றிக்கொள்ள, அருகிலுள்ள ஐதரசன் அணு ஒன்று அதனுடன் சேர்கிறது. பாதி ஐதரசனேறிய எதைல் கூட்டம் மேற்பரப்பில் தங்குகிறது. இரண்டாவது அணுவும் சேர்ந்ததும் எதேன் கழன்று வெளியேற, அந்த இடம் அடுத்த மூலக்கூறுக்குக் காலியாகிறது. இப்பொறிமுறையை இரசாயனவியலாளர்களான ஹொரியூட்டியும் பொலானியும் 1934 இல் முன்வைத்தனர்.

அந்த எதைல் நிலையை நன்றாக மனத்தில் இருத்துங்கள். அது ஐதரசனை ஏற்று எதேனாகலாம், இழந்து மீண்டும் எதீனாகவும் ஆகலாம். ஐதரசனுக்குப் பதிலாக அதன் பாரமான வடிவமாகிய தூத்தேரியத்தைச் செலுத்தினால், இரு தூத்தேரிய அணுக்களைக் கொண்ட எதேன் மட்டுமே வரவேண்டும் என எதிர்பார்ப்போம். கிடைப்பதோ தூத்தேரியம் குறைந்ததும் மிகுந்ததுமான பலவகை எதேன்களின் கலவை. மேற்பரப்பில் அணுக்கள் சேர்ந்தும் பிரிந்தும் இடம்மாறுகின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

உலோகத்தின் பிடி அளவாக இருப்பதும் அவசியம். கட்டித் தங்கம் ஐதரசனைப் பிரிப்பதே அரிது. தங்ஸ்தன் போன்றவை மிக இறுகப் பிடித்து விடுவிக்கத் தயங்குகின்றன. நிக்கல், பலேடியம், பிளாட்டினம் ஆகியன இடைப்பட்டவை. நுண்ணிய நிக்கலில் இத்தாக்கத்தை 1897 இல் சென்டெரென்ஸுடன் சேர்ந்து செய்துகாட்டிய பிரெஞ்சு இரசாயனவியலாளர் போல் சபத்தியே, இத்துறை ஆய்வுக்காக 1912 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கந்தகச் சேர்வைகள் சிறிதளவு கலந்தாலும் அவை நிக்கலை விட்டகலாமல் இடத்தை அடைத்துவிடும்.

வினா: மாஜரீன் பொதியில் ‘பகுதியாக ஐதரசனேற்றப்பட்ட தாவர எண்ணெய்’ என்று எழுதியிருப்பதைக் கவனித்து வாங்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?
– இல்லத்தரசி, உப்புவெளி

விடை: திரவ எண்ணெயை நிக்கலின் உதவியால் கெட்டியாக்கும் முறைக்கு வில்ஹெல்ம் நோர்மன் 1902 இல் காப்புரிமை பெற்றார். மேலே சொன்ன பாதி நிலையே இங்கும் காரணம். இயற்கை எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகள் பெரும்பாலும் சிஸ் வடிவில், அதாவது இருபுறச் சங்கிலிகளும் பிணைப்பின் ஒரே பக்கத்தில் அமைந்தவாறு, உள்ளன. பாதி ஐதரசனேறிய நிலையில் அப்பிணைப்பு ஒற்றையாகிச் சுழலக்கூடியதாகிறது. அங்கிருந்து ஐதரசனை இழந்து திரும்பும்போது பல மூலக்கூறுகள், சங்கிலிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் அமையும் டிரான்ஸ் வடிவம் பெற்றுவிடுகின்றன. டிரான்ஸ் கொழுப்பு தீய கொலஸ்ரோலைக் கூட்டி நல்லதைக் குறைப்பதால், தொழிற்சாலைகளில் உருவாகும் இக்கொழுப்பை ஒழிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2018 இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. முழுமையாக ஐதரசனேற்றிய எண்ணெயில் இரட்டைப் பிணைப்பே ஏறக்குறைய எஞ்சாததால் டிரான்ஸ் கொழுப்பும் மிகக் குறைவு. ஆகவே பொதியில் ‘பகுதியாக’ என்ற சொல் இருக்கிறதா என்பதையே பாருங்கள்.