ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வாக்குத்தத்தம்

கேள்வி: புது வருஷ ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். "கர்த்தரே உனக்கு நித்திய வெளிச்சமாயிருப்பார்" என்ற வசனம். மார்ச் மாதம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையாகிவிட்டார். எட்டு மாதமாக ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. ஆனால் ஜெபிக்க முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். முன்பெல்லாம் வேதத்தைத் திறந்தாலே கண்ணீர் வரும். இப்போது ஒன்றுமே தோன்றுவதில்லை. தேவன் என்னை விட்டு விலகிவிட்டாரா?

பதில்: அன்புச் சகோதரி, இல்லை, விலகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

அட்டையில் ஒரு வரிதான் அச்சாகும். அந்த வசனம் வருகிற ஏசாயா 60-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். அந்த வார்த்தை சொல்லப்பட்டது, மதில் இடிந்து கைவிடப்பட்டுக் கிடந்த எருசலேமுக்கு. எபிரெய மொழியில் அங்கே வரும் 'உனக்கு', ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லும் 'உனக்கு'. ஊரையே ஒரு பெண்ணாக வைத்துப் பேசுகிறார் தீர்க்கதரிசி. புழுதியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது மனதில் பிரகாசமாக என்ன தோன்றியிருக்கும்? அவள் எதையாவது உணர்ந்த பிறகு கொடுத்த வாக்கு இல்லை அது. பத்து அதிகாரம் முன்னால் போனால், கர்த்தருக்குப் பயந்து நடந்தும் வெளிச்சம் இல்லாமல் இருட்டில் நடக்கிற ஒருவன் வருகிறான் (50:10). அவனை யாரும் அவிசுவாசி என்று கடிந்துகொள்ளவில்லை. உன் தேவனைச் சார்ந்துகொள் என்று மட்டும் சொல்லியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு, வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் குத்துவிளக்குதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் தொடங்கி விடியும்வரை அது கர்த்தருடைய சந்நிதியில் எரிய வேண்டும். அதற்கு ஆசாரியனான ஆரோனும் அவன் குமாரரும் தினமும் என்ன செய்தார்கள்? இடித்துப் பிழிந்த ஒலிவ எண்ணெயை ஊற்றினார்கள், கருகின திரியைக் கத்தரித்தார்கள், சாம்பலை எடுத்தார்கள். விரலெல்லாம் கரியும் எண்ணெயுமாகத்தான் இருந்திருக்கும். யாத்திராகமம் 25-இல் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது: அந்தத் திரிக் கத்தரியும் சாம்பல் பாத்திரமும்கூடப் பசும்பொன்னால் செய்யப்பட வேண்டும் என்பது கட்டளை. சாம்பல் அள்ளுகிற பாத்திரம், பொன்னில்! அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். நீங்கள் துவைத்துக் காயப்போடுகிற துணியும், அந்த மூத்திரச் சட்டியும் அவர் சந்நிதிக்கு வெளியே இருப்பதாக நினைக்காதீர்கள்.

என் அப்பா படுக்கையில் இருந்த கடைசி வருஷம், அறையில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியும். அந்தப் பல்பை நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதன் வெளிச்சத்தில் அப்பாவின் உலர்ந்த உதட்டைப் பார்த்தேன், தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன், போர்வை நழுவியதைப் பார்த்தேன். "உம்முடைய வெளிச்சத்திலே வெளிச்சம் காண்கிறோம்" என்ற 36-ஆம் சங்கீதம் எனக்கு அந்த அறையில்தான் புரிந்தது. எட்டு மாதமாகப் படுத்திருப்பவரின் முதுகு இன்னும் புண்ணாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தோல் லேசாகச் சிவந்தாலே உங்கள் கண்ணில் பட்டுவிடுகிறது, இல்லையா? அது எந்த வெளிச்சத்தில் தெரிகிறது என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம், தூக்கம். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் "போதும்" என்று சாகக் கேட்டுப் படுத்தபோது, தூதன் வந்து அவனை ஜெபிக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், மறுபடி படுத்தான். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். முழங்காலில் நீங்கள் தூங்கிவிழுவது பாவமில்லை, உடம்பு கேட்கிற கடன். இரவு எழும்பும்போது "உமக்கு இருளும் வெளிச்சமும் சரி" என்ற 139-ஆம் சங்கீதத்தின் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். இப்போதைக்கு அந்த ஜெபம் போதும். சபையில் எழுந்து சாட்சி சொல்ல யாராவது கூப்பிட்டால், இப்போது முடியாது என்று தைரியமாகச் சொல்லிவிடுங்கள்.

படுத்தாலும் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். விசுவாசம் குறைந்துவிட்டது என்று அதை ஒளிக்க வேண்டாம்.

கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படுத்திருப்பது அவருடைய அம்மா. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அவர் எழும்பட்டும். எப்படித் திருப்புவது, தலையணையை எங்கே வைப்பது என்று பக்கத்தில் நின்று ஒரு தடவை காட்டிக்கொடுங்கள், போதும். வருகிற சனிக்கிழமையே தொடங்கட்டும். நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள். ஞாயிறு முதல் ஆராதனைக்குப் போக முடியாவிட்டால் இரண்டாவதுக்குப் போய்க்கொள்ளலாம்.