உடல் எடை கூடிவிட்டால் உணவுக் கோளாறு குணமாகிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. உணவுக் கோளாறு என்பது அஜீரணம் அல்ல; சாப்பாடு, எடை பற்றிய எண்ணமும் சாப்பிடும் முறையும் குலைந்துபோகும் மனநோய். இந்த நோய் வந்தவர்கள் எல்லோரும் எலும்பும் தோலுமாக இருப்பார்கள் என்பதே முதலில் தவறு. புலிமியா (அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் வகை) உள்ள பலர் பார்வைக்குச் சராசரி எடையில்தான் இருப்பார்கள். ஆண்களுக்கும் வரும், நடுத்தர வயதிலும் வரும்.

"எல்லாம் பிடிவாதம், ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் நன்றாக இருந்த 36 ஆண்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதி உணவுதான். விளைவு? எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது. சிலர் சமையல் புத்தகங்களைக்கூடச் சேர்க்க ஆரம்பித்தார்கள்! வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்கு அது உடனே அடங்கவில்லை. நல்ல மனநிலையில் இருந்தவர்களையே பட்டினி இப்படி ஆக்கியது என்றால், நோயாளியைப் பிடிவாதக்காரர் என்பது என்ன நியாயம்?

எடை முதலில் தேறும், மனம் பின்னால்தான் தேறும். நடுவில் பழைய பழக்கம் திரும்பினால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது பலருக்கும் நடப்பதுதான்.

அப்புறம் ஒன்று: நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும்.