குளிரில் குழல் இறங்கும், கிடார் ஏறும்

இசை கேள்வி-பதில்

கே: கோத்தகிரியில் வீட்டு மாடி அறையை ஸ்டுடியோ ஆக்கிப் பாட்டு அமைத்துக் கொடுக்கிறேன். டிசம்பர் இரவுகளில் புல்லாங்குழல் கீபோர்டு டிராக்கோடு சேராமல் கீழே நிற்கிறது. வாசிப்பவரோ நல்ல அனுபவசாலி. கிடார் அதற்கு நேர்மாறாக மேலே போகிறது. சுருதியைக் கணினியில் திருத்தும் பிட்ச் கரெக்‌ஷன் போட்டால் கமகம் (ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் நயம்) செத்துவிடுகிறது. என்ன செய்ய?

ப: வாசிப்பவர் மேல் தப்பில்லை. குழலின் சுருதி, உள்ளே இருக்கும் காற்றில் ஒலி ஓடும் வேகத்தைப் பொறுத்தது. 30 டிகிரியில் அது நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 10 டிகிரியில் 337. கணக்குப்படி 60 சென்ட் இறங்க வேண்டும். 100 சென்ட் ஒரு ஸ்வரஸ்தானம், ஆக இது பாதிக்கும் மேல். ஊதுகிறவரின் மூச்சு குழலைச் சூடாக்குவதால் அவ்வளவும் இறங்காது. ஆனால் 15, 20 சென்ட் விலகினாலே காது காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு டேக்குக்கு, அதாவது இரண்டு முறை பதிவதற்கு, நடுவே குழல் மேஜையில் கிடந்து ஆறிப்போகும். அதனால்தான் ஒவ்வொரு டேக்கிலும் முதல் வரி மட்டும் கூடுதலாகத் தொங்கும். கிடாரில் கதை வேறு. குளிரில் எஃகுத் தந்தி சுருங்கி இறுகுகிறது, சுருதி ஏறுகிறது.

அறையை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, டேக் ஓடும்போது மட்டும் ஹீட்டரை அணையுங்கள். மூடிய அறையில் கரிக் கணப்பு வேண்டவே வேண்டாம், அந்தப் புகை உயிரை வாங்கும். குழலை 10 நிமிடம் ஊதிச் சூடேற்றி, இடைவேளையில் சால்வைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிடாரை உறையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அறையில் வைத்த பிறகே சுருதி சேருங்கள்.

அப்படியும் இறங்கினால், குழலை டிராக்குக்கு இழுக்காதீர்கள், டிராக்கைக் குழலுக்கு இறக்குங்கள். சூடான குழலில் நீளமாக ஒரு ஸட்ஜம் ஊதவைத்து ட்யூனரில் பாருங்கள். 16 சென்ட் குறைவென்றால் கீபோர்டின் மாஸ்டர் ட்யூனிங்கை (மொத்தச் சுருதியை) 440 ஹெர்ட்ஸிலிருந்து 436-க்கு மாற்றினால் போதும். ஏற்கெனவே பதிவு முடிந்துவிட்டதா? ஸ்வரம் ஸ்வரமாகத் திருத்த வேண்டாம். வரி வரியாக வெட்டி, அந்தந்தத் துண்டு முழுவதையும் ஒரே அளவில் 10, 15 சென்ட் உயர்த்துங்கள். கமகத்தின் வளைவு அப்படியே இருக்கும்.

கே: கொடைக்கானலில் அக்டோபர் பிறந்தால் என் கண்டென்ஸர் மைக்கில் பட் பட்டென்று சத்தம். தகரக் கூரை மழை வேறு. ஃபோம் ஒட்டலாமா?

ப: கடுகு வெடிப்பது போல் கேட்கிறதென்றால் பெரும்பாலும் கேப்ஸ்யூலில், அதாவது மைக்கில் ஒலியை வாங்கும் பகுதியில், ஈரம். மின்னேற்றம் அந்த ஈரத்தின் வழியே கசிகிறது. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 100 கிராமோடு இரவு முழுக்க மூடி வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். பச்சையாகிவிட்டால் 120 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போகும். ஹேர் டிரையரும் கூடாது. பாடகர் வருவதற்கு 20 நிமிடம் முன்பே மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரைப் போட்டுவிடுங்கள். மைக்கை மதுரைக்கு எடுத்துப் போனால் இறங்கியதும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் கீழ்நாட்டு ஈரக்காற்று பட்டதும் வியர்க்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். மழையை நிறுத்த எடை வேண்டும்: கூரைக்குக் கீழே ராக்வுல் என்ற கல் இழைப் பஞ்சை அடைத்து, இரண்டடுக்கு ஜிப்சம் பலகையில் தனி உட்கூரை. அந்தச் செலவு முடியாதென்றால் மழை மாதங்களை புரோகிராமிங்குக்கும் (கணினியில் இசை கோப்பதற்கும்) மிக்ஸிங்குக்கும் ஒதுக்கி, குரல் பதிவை ஜனவரிக்குத் தள்ளுங்கள்.

கே: ஊட்டியில் கோத்தர் பழங்குடியினரின் கொள் என்ற ஊதுவாத்தியத்தையும் பறைகளையும் என் ஆல்பத்துக்குப் பதிவு செய்ய ஆசை. எப்படி?

ப: அறைக்குள் வேண்டாம். கொள் சீவாளி வாத்தியம், பக்கத்தில் மைக் வைத்தால் ஒலி கிழிந்துபோகும். திறந்தவெளியில் 2, 3 மீட்டர் தள்ளி ஒரு ஜோடி மைக், காற்றுக்குக் கம்பளி உறை. தாள வேகம் காட்டும் கிளிக் டிராக்கை அவர்கள் காதில் மாட்டாதீர்கள். அவர்கள் ஓட்டத்துக்கு நீங்கள் கணினியில் டெம்போ (தாள வேகம்) வரையுங்கள். மெட்டு பரம்பரையானதென்றாலும் வாசித்தவர்களுக்கு 50 ஆண்டு கலைஞர் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தில் சம்மதம், கையில் சம்பளம், ஆல்பத்தில் பெயர், மூன்றும் வேண்டும்.

கே: குன்னூரில் இருந்துகொண்டே படங்களுக்கு இசையமைக்கிறேன். கீபோர்டு, கிடார், மிக்ஸிங் எல்லாம் நானே. 'மொத்தமாக ஒரு தொகை, எல்லா உரிமையும் எங்களுக்கு' என்று ஒரு பக்க ஒப்பந்தம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

ப: அப்படியே போடாதீர்கள். 2012 காப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள ராயல்டி பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'என்றென்றும், உலகமெங்கும்' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்யுங்கள். பதியாத பாட்டுக்குப் பணம் தானாகத் தேடி வராது.

பல வேலை தெரிந்தவர்கள் ஏமாறுவது விலைப்பட்டியலில்தான். 'மியூசிக்' என்று ஒற்றை வரி எழுதினால் மிக்ஸிங் இலவசம் என்றே எதிராளி எண்ணிக்கொள்வார். மெட்டமைப்பு, புரோகிராமிங், வாத்தியக் கலைஞர் சம்பளம், பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. திருத்தம் 2 முறை, அதற்கு மேல் தனிக் கட்டணம். பாதித் தொகை முன்பணம்.

கோப்பு அனுப்பும்போது சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எல்லா ஸ்டெம்மும் (வாத்தியம் வாரியாகப் பிரித்த கோப்பும்) பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை எடிட்டர் 48 என்று நினைத்து ஓட்டினால் பாட்டு கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறி, 9 சதவீதம் வேகமாக ஓடும். கோப்பின் பெயரிலேயே 48 என்றும் பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி) எவ்வளவு என்றும் எழுதிவிடுங்கள்.