வருகை அட்டை: உங்கள் கேள்விகள், எங்கள் பதில்கள்

வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: விசா கையில் இருக்கிறது. அப்புறம் எதற்கு இன்னொரு படிவம்?

விசா என்பது உள்ளே வருவதற்கான அனுமதி. வருகை அட்டை என்பது எந்த நாளில், எந்த விமானத்தில் வருகிறீர்கள், எங்கே தங்குவீர்கள் என்ற தகவல். முன்பெல்லாம் விமானத்துக்குள் கொடுத்த காகித அட்டைதான் இப்போது இணையத்துக்கு மாறியிருக்கிறது. சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவின் எம்டிஏசி, பிலிப்பைன்ஸின் இ-டிராவல் எல்லாம் இந்த வகைதான். தாய்லாந்து 2025 மே 1 முதல் பழைய டிஎம்6 காகித அட்டைக்குப் பதிலாக டிடிஏசி என்ற இணைய அட்டையைக் கேட்கிறது. இந்தியாவும் 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டுக் குடிமக்களிடம் இ-அரைவல் கார்டு கேட்கிறது; இந்தியக் குடிமக்களுக்கு அது கிடையாது. விசா தேவைப்படுகிறவர்கள் இரண்டையும் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் எஸ்டா, கனடா, பிரிட்டன் நாடுகளின் இடிஏ ஆகியவை விசா விலக்கு பெற்ற நாட்டினருக்கான மின்னணு அனுமதி. இவற்றுக்குக் கட்டணம் உண்டு. சில நேரம் முடிவு வரச் சில நாட்கள்கூட ஆகலாம், அதனால் கடைசி நாள் வரை விட்டுவைக்காதீர்கள். நியூசிலாந்தில் இரண்டுமே இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். என்இசட்இடிஏ என்பது கட்டணம் கட்டிப் பெறும் அனுமதி. என்இசட்டிடி என்பது இலவசமாக நிரப்பும் பயணி அறிவிப்பு.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறது. படிவமோ அதை நிரப்பாமல் நகர மறுக்கிறது. அப்பா பெயரைப் போடலாமா?

வேண்டாம். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இல்லாத எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். படிவத்தில் இருப்பதும் பாஸ்போர்ட்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரைச் சேர்த்தால் இயந்திரத்தின் கணக்கில் நீங்கள் வேறு ஆள்.

முதலில் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். குடிவரவு இயந்திரம் படிப்பது இவற்றைத்தான். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டின் மூன்று எழுத்துகளுக்குப் பிறகு குடும்பப் பெயர், அடுத்து அம்புமுனை போன்ற குறி இரண்டு முறை, அதன் பின் சொந்தப் பெயர் என்று வரும். ஒரே பெயர் உள்ளவர்களுக்கு அந்தப் பெயரையே முதல் இடத்தில் அச்சிட வேண்டும் என்பது சர்வதேச விதி.

அடுத்து, அந்தப் படிவத்திலேயே குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். கட்டத்தின் அருகிலோ உதவிப் பக்கத்திலோ இருக்கும். சில படிவங்கள் ஒரு சிறு கோட்டை ஏற்கும். சிலவற்றில் ‘குடும்பப் பெயர் இல்லை’ என்று டிக் செய்யும் கட்டம் இருக்கும். வேறு சில, முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் கேட்கும்; அங்கே பிரச்சினையே இல்லை. அந்த நாட்டு விசா ஏற்கெனவே கையில் இருந்தால், அதில் பெயரை எப்படிப் பிரித்திருக்கிறார்களோ அப்படியே பிரித்து எழுதுங்கள். இனிஷியல் விரித்து அச்சாகியிருந்தால் விரித்தே எழுத வேண்டும். புள்ளி வேண்டாம்.

கேள்வி: பாஸ்போர்ட் எண் தவறு என்று திரும்பத் திரும்ப வருகிறது. சரியாகத்தான் அடிக்கிறேன்.

இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ எழுத்து, அல்லது ஒன்றுக்குப் பதில் ‘ஐ’ எழுத்து. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு 7 எண்கள். அந்த ஏழில் எழுத்துக்கே இடமில்லை.

இன்னொன்று, அடியில் உள்ள வரியைப் பார்த்து எழுதும்போது வருவது. கீழ் வரியின் முதல் 9 இடங்கள்தான் பாஸ்போர்ட் எண்ணுக்கு உரியவை. பத்தாவது இடத்தில் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். அதையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். அதே வரியில் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும்; அதை அப்படியே படிவத்தில் போட்டாலும் தப்பாகும். எண்ணையும் தேதிகளையும் மேலே அச்சாகியிருக்கும் கட்டங்களிலிருந்து எடுப்பதே நல்லது.

கேள்வி: போய் இறங்குவதற்கு முந்தைய ‘மூன்று நாட்களுக்குள்’ அட்டையை நிரப்ப வேண்டும் என்றால் எப்படிக் கணக்கிடுவது?

போய் இறங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், கிளம்பும் நாளிலிருந்து அல்ல. சிங்கப்பூர் கணக்கில் இறங்கும் நாளும் சேர்ந்தே மூன்று. 12ஆம் தேதி இறங்குகிறீர்கள் என்றால் 10, 11, 12 ஆகிய நாட்களில் நிரப்பலாம். 9ஆம் தேதி முயன்றால் ஏற்காது. எல்லா நாடுகளும் இப்படியே எண்ணுவதில்லை என்பதால் அந்தந்தத் தளத்தில் கொடுத்திருக்கும் உதாரணத்தைப் படியுங்கள்.

இரவு 11 மணிக்கு மேல் கிளம்பும் விமானம் மறுநாள்தான் இறங்கும். படிவம் கேட்பது அந்த மறுநாள் தேதியை. வழியில் விமானம் மாறுகிறவர்கள், கடைசியாக அந்த நாட்டில் இறங்கும் விமானத்தின் எண்ணையே எழுத வேண்டும். எங்கே விமானம் ஏறினீர்கள் என்ற கேள்விக்கும் பெரும்பாலும் அந்தக் கடைசி விமானத்தில் ஏறிய இடமே பதில். ஆனால் நீங்கள் வசிக்கும் நாடு எது என்பது தனிக் கேள்வி.

கேள்வி: தேடியபோது முதலில் வந்த தளம் பணம் கேட்டது. கட்டிவிட்டேன்.

மேலே சொன்ன சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் அட்டைகள் நான்கும் இலவசம். இவற்றில் ஒன்றுக்குப் பணம் கேட்டிருந்தால் அது அரசுத் தளம் அல்ல, அதேபோல் தோற்றமளிக்கும் தனியார் தளம். உங்கள் பாஸ்போர்ட் விவரங்களும் வங்கி அட்டை எண்ணும் அங்கே போயிருக்கின்றன என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. வங்கிக்கு உடனே தெரிவியுங்கள். பிறகு அரசுத் தளத்தில் நீங்களே புதிதாக நிரப்புங்கள். அவர்கள் உங்களுக்காக நிரப்பினார்களா, சரியாக நிரப்பினார்களா என்பதை நம்பியிருக்க முடியாது.

முகவரியின் முடிவைப் பாருங்கள். சிங்கப்பூர் அரசுத் தளம் ‘டாட் கவ் டாட் எஸ்ஜி’ என்று முடியும். தாய்லாந்து ‘டாட் கோ டாட் டிஹெச்’. நடுவில் ‘கவ்’ என்று வந்து கடைசியில் ‘டாட் காம்’ என்று முடிந்தால் அது அரசுத் தளம் அல்ல.

கேள்வி: கைக்குழந்தைக்கும் வேண்டுமா?

ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் ஒன்று. குழுவாகச் சமர்ப்பிக்கும் வசதி இருந்தால் வீட்டார் எல்லோரையும் ஒரே முறையில் சேர்க்கலாம்.

கேள்வி: அனுப்பிய பிறகு தப்பைக் கவனித்தேன். உறுதி மின்னஞ்சலும் வரவில்லை.

ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் மின்னஞ்சல் முகவரியிலேயே பிழை இருக்கலாம். சமர்ப்பித்ததும் திரையில் வரும் க்யூஆர் குறியீட்டையோ எண்ணையோ அப்போதே படம் பிடித்துக்கொள்வதும், ஒரு அச்சுப்பிரதி எடுத்துக்கொள்வதும் இதற்காகத்தான். தங்கும் இடம், விமானம் போன்றவற்றைப் பல தளங்களில் திருத்தலாம். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, நாட்டுரிமை தவறென்றால் திருத்தத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் புதிதாகவே நிரப்புங்கள். தாய்லாந்தில் அதுதான் விதி.

கேள்வி: உடல்நலம், சுங்கக் கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லை’ என்று போட்டுவிடலாமா?

உண்மையிலேயே இல்லையென்றால் மட்டும். ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டுக்குச் சமீபத்தில் போய் வந்திருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பல நாடுகள் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். அந்தச் சான்றிதழ் ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் செல்லும். ஆகவே மூன்று நாள் படிவத்தைத் திறக்கும்போது அதை நினைத்தால் காலம் கடந்திருக்கும்.

உணவுப்பொருள் விஷயத்தில் நியூசிலாந்து மிகக் கண்டிப்பு. பையில் ஒரு பழம் இருந்து, ‘இல்லை’ என்று அறிவித்திருந்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அறிவித்துவிட்டால் அபராதம் கிடையாது. அனுமதி இல்லாத பொருளாக இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சந்தேகமாக இருந்தால் ‘ஆம்’ என்று போட்டுவிட்டு அதிகாரியிடம் காட்டுங்கள்.