கறிச்சட்டியில் எத்தனை கரண்டி? உப்பும் சீனியும்: வாசகர் கேள்வி – பதில்

உப்பு, சீனி பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. இரண்டும் கூடினால் கூடாது என்பது எழுதிய எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தன் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. ஆகவே பதில்களைக் கரண்டிக் கணக்கிலேயே தருகிறோம்.

கேள்வி: கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் “உப்பைக் குறையுங்கோ அம்மா” என்கிறார்கள். நான் குறைத்துத்தான் போடுகிறேன். இதைவிட எப்படிக் குறைப்பது? (வாசகி, கொக்குவில்)

நாக்கை நம்பாமல் பக்கற்றைப் பாருங்கள். உப்புப் பக்கற் உடைக்கிற நாளைக் கலண்டரில் குறியுங்கள், முடிகிற நாளையும் குறியுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு முப்பது நாளில் முடிந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் சமையலறையிலிருந்தே போகிறது. மீன் கழுவ, ஊறுகாய் போட எடுத்ததைக் கழித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். மட்டமாகத் தட்டிய ஒரு தேக்கரண்டித் தூளுப்பு ஏறத்தாழ 6 கிராம் வரும் என்பதால், ஒரு கரண்டி கூட முழுதாக இல்லை. கடையில் வாங்கும் பாண், பிஸ்கற், மிக்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். கால் இறாத்தல் பாணிலேயே ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது.

கணக்குத் தெரிந்த பிறகு ஒரு சின்ன மூடிப் போத்தலை எடுங்கள். நான்கு பேருக்கு மட்டமான இரண்டரைத் தேக்கரண்டி, அதாவது 15 கிராம், காலையில் அதில் போட்டு வையுங்கள். அன்றைய புட்டு, சம்பல், கறி, சொதி எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதல் நாளே இந்த அளவுக்கு இறங்க வேண்டாம். இப்போது நான்கரைக் கரண்டி போகிறதென்றால் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு பழகச் சில கிழமைகள் எடுக்கும். ஒரேயடியாகப் பாதியாக்கினால் மூன்றாம் நாளே சாப்பாட்டு மேசைக்கு உப்புப் போத்தல் வந்துவிடும், அதோடு முயற்சியும் நின்றுவிடும். இன்னொரு இடத்திலும் இது பிழைக்கும்: வீட்டில் இரண்டு பேர் சமைத்தால் மாமி ஒரு போத்தலிலிருந்தும் மருமகள் இன்னொன்றிலிருந்தும் போடுவார்கள். பெரிய உப்பு டப்பாவை அலுமாரியில் ஏற்றி வைத்துவிடுவதுதான் வழி. கரண்டியின் அளவில் சந்தேகமென்றால், பாணி மருந்தின் மூடியில் உள்ள 5 மில்லிலீற்றர் கோட்டுக்குத் தண்ணீர் ஊற்றி, அது கரண்டியில் சரியாக அடங்குகிறதா என்று பாருங்கள்.

எங்கே வெட்டலாம் என்றால், முதலில் மாவில். அரைக் கிலோ புட்டு மாவுக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு நான்கு பேர் சாப்பிட்டால், சம்பலைத் தொட முதலே ஆளுக்கு ஒன்றரைக் கிராம் போய்விடுகிறது. மாவுக்குள் கிடக்கிற உப்பில் ஒரு பங்கு நாக்குக்குத் தெரிவதேயில்லை. சம்பலில் இருக்கும் உப்போ பட்டவுடனே தெரியும். ஆகவே புட்டு மாவுக்கும் இடியப்ப மாவுக்கும் உப்பை நிறுத்திவிட்டு, சம்பலிலும் சொதியிலும் மட்டும் போடுங்கள். சொதியை இறக்கித் தேசிக்காய் விட்ட பிறகு உப்புப் பாருங்கள். புளி சேர்ந்த கறியில் குறைந்த உப்பே கூடுதலாகத் தெரியும். புளி விட முதல் உப்புப் பார்ப்பவர்கள் எப்போதும் கூடப் போடுவார்கள்.

கேள்வி: ஆனையிறவுக் கல்லுப்பு உடம்புக்கு நல்லது, பக்கற் தூளுப்பு கூடாது என்கிறார்கள். இந்துப்புக்கு மாறினால் பிறசர் குறையுமா? (வாசகர், சாவகச்சேரி)

1990 இல் போரால் நின்றுபோன ஆனையிறவு உப்பளம் மீண்டும் இயங்குவது நம் எல்லோருக்கும் மகிழ்ச்சியான விடயம். உள்ளூர் உப்பைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு மூன்றும் அநேகமாக முழுவதும் சோடியம் குளோரைட்தான். குருதி அமுக்கத்தைக் கூட்டுவது அதிலுள்ள சோடியம். நிறம் மாறினாலும் அது மாறாது. பார்க்க வேண்டியது அயடின். இலங்கையில் உணவுக்கு விற்கும் உப்பில் அயடின் சேர்ப்பது 1995 முதல் கட்டாயம். பக்கற்றில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாக்கில் அளந்து விற்கும் உப்பிலும் வெளிநாட்டு இந்துப்பிலும் அயடின் இல்லாமல் இருக்கலாம். கல்லுப்பைக் கழுவிப் பாவித்தால் இருக்கும் அயடினும் தண்ணீரோடு போய்விடும். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாலும் குறையும்.

கல்லுப்பில் உண்மையான சிக்கல் அளவு. கற்கள் சிறிதும் பெரிதுமாக இருப்பதால் கரண்டிக் கணக்கு நிற்காது. பலர் கல்லுப்பைப் போத்தலில் போட்டுத் தண்ணீர் விட்டு, கரைந்ததை ஊற்றிச் சமைக்கிறார்கள். அடியில் கரையாத உப்புக் கிடக்கிற போத்தல் என்றால் அந்தத் தண்ணீர் ஒரு தேக்கரண்டியில் ஒன்றரைக் கிராமுக்கு மேல் உப்பு. அதே பழக்கத்தை அளவாக்கிக்கொள்ளலாம். 100 கிராம் கல்லுப்பை நிறுத்து எடுத்து, கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடித்து மண்ணை நீக்குங்கள். பிறகு மொத்தம் 500 மில்லிலீற்றர் வரும்வரை தண்ணீர் சேருங்கள். இனி ஒரு தேக்கரண்டி உப்புத் தண்ணீர் என்றால் ஒரு கிராம் உப்பு. நான்கு பேருக்கு நாள் முழுவதும் பதினைந்து கரண்டி. கணக்குப் பிசகாது, கறியிலும் சமமாகக் கலக்கும். கண்ணாடிப் போத்தலில் மூடி வைத்துக் கிழமைக்கு ஒருமுறை புதிதாகக் கரையுங்கள்.

கேள்வி: கருவாடு இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. முழுக்க விடத்தான் வேண்டுமா? (வாசகி, பருத்தித்துறை)

வேண்டாம். துண்டுகளைச் சிறிதாக வெட்டி, சுடுதண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இன்னொரு முறை அப்படியே செய்யுங்கள். முழுத் துண்டாக ஊறவைத்தால் மேலே உள்ள உப்பு மட்டுமே போகும். பிறகு கத்தரிக்காயோ வாழைக்காயோ கருவாட்டை விடக் கூடுதலாகப் போட்டு, ஒரு துளி உப்பும் சேர்க்காமல் சமையுங்கள். கருவாட்டிலிருந்து இறங்கும் உப்பே காய்க்குப் போதும். அன்றைக்கு மற்றக் கறிகளில் ஒன்றாவது உப்பில்லாமல் இருக்கட்டும். பொரித்த கருவாடு வேறு விடயம். ஊறவைக்காமல் எண்ணெயில் போடுவதால் உப்பு முழுவதும் உள்ளேயே நிற்கிறது. பிறசர் உள்ளவர்கள் அதைத்தான் விட வேண்டும்.

உப்புக் கூடிய கறிக்கு உருளைக்கிழங்கு போட்டால் சரியாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ருசி சரியாகும், சட்டியிலுள்ள உப்புக் குறையாது. நான்கு பேரின் கறியை ஆறு பேருக்குப் பகிர்ந்தால்தான் ஆளுக்குக் குறையும். ஊறுகாயிலும் மோர்மிளகாயிலும் உப்பைக் குறைத்துச் செய்து பார்க்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். செய்வதைச் சரியாகச் செய்து, சாப்பிடுவதைக் குறையுங்கள்.

கேள்வி: சலரோகக்காரர் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடிக்கலாம்தானே? (வாசகர், நெல்லியடி)

பனங்கட்டியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சீனிதான். கொஞ்சம் கனியுப்புக்கள் உண்டு. அவற்றுக்காகச் சாப்பிட வேண்டுமானால் சீனியும் கூடவே வரும். சிவப்புச் சீனி, தேன், பாணி எல்லாம் அதே கணக்கில்தான் சேரும். குருதியில் சீனி ஏறும் என்பதில் மாற்றமில்லை.

ஆனால் கடித்துக் குடிக்கிற பழக்கத்தில் ஒரு நன்மை உண்டு, அது அளவு. தேத்தண்ணிக்குள் போடும் சீனி கண்ணுக்குத் தெரியாது. நம் வீடுகளில் ஒரு கரண்டி என்பது பெரும்பாலும் குவித்த கரண்டி, அதாவது 6 அல்லது 7 கிராம். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நான்கு கோப்பை என்றால் 50 கிராமைத் தொட்டுவிடும். நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஆகக் கூடிய எல்லையே அதுதான். 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது. பனங்கட்டியைக் குட்டானிலிருந்து எடுத்தவுடன் நிறுத்து, 5 கிராம் துண்டுகளாகக் கத்தியால் நறுக்கிப் போத்தலில் போட்டு வையுங்கள். 100 கிராமில் இருபது துண்டு. ஒரு கோப்பைக்கு ஒன்று. நறுக்காமல் கட்டியாக வைத்துக் கடித்தால் இந்த நன்மை இல்லை. சலரோகம் உள்ளவர் இந்தத் துண்டையும் தன் நாளுக்குரிய மாச்சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெறுந்தேத்தண்ணியை வெறுமையாகவே குடிக்கப் பழகுவதுதான் அவருக்குச் சிறந்தது.

ரின்பாலில் ஏறத்தாழ பாதி எடை சீனி. ரின்பால் விட்ட தேத்தண்ணிக்கு மேலே சீனியும் போடும் கடைகள் உண்டு, சொல்லி வாங்குங்கள். வீட்டுக்கு வருபவர்களுக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் சீனிப் பேணியையும் கரண்டியையும் தட்டில் தனியாக வையுங்கள். வந்தவர் தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்வார்.

கேள்வி: சோடாப் போத்தலில் செம்மஞ்சள் வட்டம் இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? (வாசகி, சுன்னாகம்)

2016 முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு இந்த நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 இலிருந்து 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் கீழ் பச்சை. நிறம் சொல்வது 100 மில்லிலீற்றருக்கு, பிள்ளை குடிப்பது முழுப் போத்தல். 10 கிராம் என்று எழுதிய செம்மஞ்சள் பானம் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம் சீனி, அதாவது மட்டமான பத்துத் தேக்கரண்டி. ஆகவே நிறத்துக்குக் கீழே உள்ள எண்ணைப் படித்து, போத்தலின் அளவால் பெருக்குங்கள். திண்ம உணவுகளுக்கு வேறு அளவுகள்: 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல், உப்பு 1.25 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. பிஸ்கற், மிக்சர் வாங்கும்போது பாருங்கள். நெல்லி கிரஷ், கருப்பணி போன்றவற்றையும் மறக்க வேண்டாம். புளிக்காத கருப்பணியில் பத்து வீதத்துக்கு மேல் சீனி உண்டு.

கேள்வி: எங்கள் கிணறு உவர். சமையலுக்கும் அதுதான். அந்த உப்பும் கணக்கில் வருமா? (வாசகர், வேலணை)

வரும். தண்ணீரில் லீற்றருக்கு 200 மில்லிகிராம் சோடியம் இருக்கும் அளவில்தான் நாக்குக்கு உவர் தெரியத் தொடங்கும். அந்தத் தண்ணீர் இரண்டு லீற்றர் குடித்தால் ஒரு கிராம் உப்புச் சாப்பிட்டதற்குச் சமம். உங்களுடையது வாயில் வைத்தவுடன் உவர்க்கிறதென்றால் அதைவிடக் கூட. கொதிக்க வைத்தால் உப்புப் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். சாதாரண வடிகட்டியும் உப்பைப் பிடிக்காது. மாரியில் கிணறு நன்னீராகி, ஆடி ஆவணியில் உவர் ஏறும். பழகிய கையளவை அந்த மாதங்களில் குறைத்தே ஆக வேண்டும். முடிந்தவரை மழைநீரையோ குழாய்நீரையோ குடிக்கவும் சொதிக்கும் வையுங்கள், கழுவக் கிணற்று நீர் போதும். தண்ணீரைச் சோதிப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐயா கிளினிக்குக்கு இரண்டு நாள் முதலிருந்து கடும் பத்தியம் இருப்பார். வந்த பிறகு பழையபடி. எப்படித் திருத்துவது? (வாசகி, மானிப்பாய்)

வெறுவயிற்றுச் சீனிச் சோதனை, எடுத்த அன்று காலை குருதியில் உள்ள அளவைத்தான் காட்டும். பத்தியத்தால் அது இறங்கியிருந்தால், அந்த எண்ணை நம்பி வைத்தியர் குளிசையைக் கூட்டாமல் விடுவார். மற்ற இருபத்தெட்டு நாளும் கண்ணும் சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டிருக்கும். ஐயாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள், முதல் நாட்களில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடட்டும், சோதனை அன்று காலை மட்டும் வெறுவயிற்றோடு போகட்டும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி சோதனை பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். அதைப் பத்தியத்தால் மறைக்க முடியாது.

கேள்வி: சோடியம் குறைந்த உப்பு பாவிக்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பொற்றாசியம் கலந்த அந்த உப்பை வளர்ந்தவர்கள் வீட்டில் பாவிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பரிந்துரை இல்லை. எனலப்பிரில், லொசார்டன், ஸ்பைரோனொலக்ரோன் ஆகிய பிறசர், இதய வருத்த மருந்துகளைக் குடிப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. குருதியில் பொற்றாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும்.

கேள்வி: உப்பும் சீனியும் இவ்வளவு கூடாதென்றால், வயிற்றோட்டத்துக்கு ஏன் இரண்டையும் கரைத்துக் கொடுக்கிறார்கள்? (மாணவி, உரும்பிராய்)

சிறுகுடலில் சீனியும் உப்பும் சேர்ந்து உறிஞ்சப்படும்போது தண்ணீரும் கூடவே உள்ளே இழுக்கப்படுகிறது. வெறும் தண்ணீர் அப்படி நிற்காது. ஜீவனி பக்கற் இருந்தால் அதுவே முதல் தெரிவு. முழுப் பக்கற்றையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றைக் கண் அளவில் கரைக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இதற்கு மேல் போனால் குழந்தைக்கு ஆபத்து, சீனி கூடினால் வயிற்றோட்டம் கூடும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குள் முடித்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக மெதுவாகக் கொடுங்கள். கண் குழிந்து, சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடந்தால் வீட்டில் கரைத்துக்கொண்டு நிற்காமல், வழியில் கொடுத்தபடியே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள்.